மூன்றாவது கம்பத்துக்கு அப்பால்: திருகோணமலை உள்ளூராட்சி உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருகோணமலை மாவட்டத்தின் உள்ளூராட்சிச் சபைகளில் எங்கள் வாக்கில் அமர்ந்திருக்கும் உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

நான் முப்பத்தொரு வருடம் ஒரு சங்கக்கடையில் கணக்கு எழுதியவள். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. என் மேசையில் ஒரு சி.ஆர். கொப்பி இருக்கிறது. அதில் இருப்பது கடைக்கணக்கு அல்ல, என் கணவரின் சீனி வருத்தத்தின் கணக்கு. அந்தக் கொப்பியைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

சில கிழமைகளுக்கு முன் ஊர்க்கூட்டம் ஒன்றில், கிளினிக்கில் சனம் கூடிவிட்டது, மருந்து போதவில்லை என்ற பேச்சு வந்தது. நன்றாகப் படித்த ஒருவர் எழுந்து, "வாயைக் கட்டாமல் உடம்பை வளர்த்தவர்களுக்கு நாங்கள் வரி கட்டி மருந்து வாங்கிக் கொடுக்க வேண்டுமா? நிறை கூடியவர்கள் காசு கட்டட்டும்" என்றார். சிலர் தலையாட்டினார்கள். என் கணவர் எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார். இடது காலை மெல்லக் கதிரைக்கு அடியில் இழுத்து வைத்துக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை. நானும் அன்று வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து இரவு முழுக்க அதே நினைப்பு.

அந்த மனிதர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் கேட்டது பணத்தைப் பற்றிய கேள்வி. பணத்தைப் பற்றிய கேள்விக்குக் கணக்கால்தான் பதில் சொல்ல வேண்டும். அந்தக் கணக்கில் உங்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அதனால்தான் மடல் சுகாதார அமைச்சுக்குப் போகாமல் உங்களுக்கு வருகிறது.

முதலில் என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்கிறேன். அவர் லொறி ஓட்டினார். சீனன்குடாவில் மூட்டை ஏற்றிக்கொண்டு விடிய நாலு மணிக்குக் கிளம்பினால் ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று போய், பொழுதுபட்ட பிறகுதான் திரும்புவார். சாப்பாடு எல்லாம் வழிக்கடையில். காலையில் பாணும் பருப்பும், இல்லாவிட்டால் பரோட்டா. இரவில் கொத்து. இடையில் நித்திரை வராமலிருக்கத் தேத்தண்ணி, ஒரு நாளைக்கு ஏழெட்டு. எந்தக் கடையிலும் சீனி எவ்வளவு என்று கேட்பதில்லை, போட்டே ஆற்றித் தருவார்கள். ஒரு கோப்பைக்கு இரண்டு கரண்டி என்று குறைத்து வைத்தாலும் நாளுக்குப் பதினான்கு, பதினாறு கரண்டி சீனி தேத்தண்ணியில் மட்டும். உலக சுகாதார நிறுவனம் ஒரு பெரிய ஆளுக்கு நல்லது என்று சொல்லும் அளவு நாளுக்கு 25 கிராம், அதாவது ஏறக்குறைய ஆறு கரண்டி.

நாற்பத்திநாலாவது வயதில் சீனி இருப்பது பிடிபட்டது. அப்போது நிறை 86 கிலோ, உயரம் ஐந்தடி ஆறங்குலம். டொக்டர் நிதானமாக உட்காரவைத்து, "ஆறு கிலோ குறையுங்கள், தினமும் அரை மணித்தியாலம் நடவுங்கள், சீனியை விடுங்கள், மருந்து பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று சொன்னார். அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. பின்னாளில் நான் வாசித்துத் தெரிந்துகொண்டேன், நடையும் நிறைக்குறைப்பும் பயன் தரும் என்றுதான் உலகத்தில் பெரிய பெரிய ஆய்வுகளும் சொல்கின்றன.

இவரும் நடந்தார். ஒன்பது நாள். லொறி ஓடாத நாளில் விடியற்காலையில், ஓடிய நாளில் வீட்டுக்கு வந்த பிறகு இரவில். பத்தாம் நாள் ஒழுங்கை முனையில் நாய்கள் விரட்டி, இருட்டில் கான் இருப்பது தெரியாமல் அதற்குள் விழுந்து, முழங்கால் தேய்ந்து இரத்தத்தோடு வந்தார். "இந்த நடை எனக்குச் சரிவராது" என்றார். அதோடு நின்றது. அவர் பக்கமும் பிழை இருக்கிறது, நான் மறைக்கவில்லை. தேத்தண்ணிச் சீனியை அவர் விட்டிருக்கலாம். கொத்தை விட்டு இடியப்பம் கேட்டிருக்கலாம். ஆனால் நடை நின்றுபோனதற்கு அவருடைய சோம்பல் காரணம் இல்லை. எங்கள் ஒழுங்கைதான் காரணம்.

பதினொரு வருடம் போயிற்று. நிறை 94 ஆனது. மருந்து ஒன்றிலிருந்து மூன்றாகியது. அப்புறம் அந்த நாள் வந்தது.

பொழுதுபட வந்து திண்ணையில் இருந்து சப்பாத்தைக் கழற்றினார். இடது காலுறை நனைந்திருந்தது. வியர்வை என்று நினைத்து வாங்கினேன், கையெல்லாம் இரத்தம். சப்பாத்தைக் கவிழ்த்தேன். ஒரு கல் விழுந்தது. புளியங்கொட்டை அளவுகூட இல்லை. நாள் முழுக்க அந்தக் கல்லோடு கிளச்சை மிதித்திருக்கிறார். "என்ன, கால் நோகவில்லையா?" என்று கேட்டேன். அவர் காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "எங்கே?" என்று கேட்டார்.

சீனி பல வருடம் கூடி நின்றால் காலின் நரம்பு மரத்துப்போகும். இரத்தோட்டமும் குறையும். காயம் பட்டால் தெரியாது, தெரிந்தாலும் ஆறாது. இதெல்லாம் எனக்கு அன்று தெரியாது. மஞ்சள் பூசிக் கட்டினேன். மூன்று நாள் கழித்து விரல் கறுத்த பிறகுதான் ஓடினோம். பத்தொன்பது நாள் வார்ட்டில். இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

இனி கொப்பியைப் பார்ப்போம். வைத்தியசாலை எங்களிடம் ஒரு சதமும் வாங்கவில்லை. சத்திரசிகிச்சை, கட்டில், மருந்து, டொக்டர்மார், நேர்ஸ்மார் எல்லாம் இலவசம். 1951ஆம் ஆண்டு இந்த நாட்டில் அரச வைத்தியசாலைக் கட்டணத்தை நீக்கினார்கள். அந்த ஒரு முடிவால் எங்களைப் போன்ற எத்தனை குடும்பங்கள் கடனில் மூழ்காமல் தப்பின என்று நினைத்துப் பார்க்கிறேன். என் நன்றி முழு மனதோடு அங்கே இருக்கிறது.

ஆனால் இலவசம் என்பதற்குள் அடங்காத செலவும் உண்டு. நகரத்திலிருந்து எட்டுக் கிலோமீற்றர் தள்ளி இருக்கிறோம். அந்த மூன்று மாதத்தில், வார்ட்டுக்குப் போய் வரவும், பிறகு ஒன்றுவிட்ட ஒருநாள் மருந்து கட்டவும் ஓட்டோவுக்கு மட்டும் 41,500 ரூபா. வெளியில் எடுத்த இரத்தப் பரிசோதனைக்கும், துண்டு எழுதி வெளியில் வாங்கிய மருந்துக்கும் 28,300. காலுக்கென்று செய்த செருப்பு 6,500. என் இரண்டு காப்பையும் அடகு வைத்ததற்கு வட்டி 9,800. கூட்டினால் 86,100. இவ்வளவும் கையிலிருந்து போனது. கைக்கு வராமல் போனது, மூன்று மாதச் சம்பளம் 180,000. எல்லாம் சேர்த்து 266,100 ரூபா, ஒரு சின்னக் கல்லுக்கு. இரவு நேரத்தில் துணைக்கு நின்ற என் தம்பியின் கூலியை நான் எழுதவில்லை. உயர்தரம் படித்துக்கொண்டிருந்த மகள் அந்தக் காலத்தில் ரியூசனை நிறுத்தினாள், அதை எந்தப் பத்தியில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் அல்ல. இலவச வைத்தியம் உள்ள இந்த நாட்டிலேயே, சுகாதாரத்துக்குச் செலவாகும் மொத்தப் பணத்தில் ஏறக்குறையப் பாதி மக்கள் தங்கள் மடியிலிருந்து கொடுப்பது. "நிறை கூடியவர்கள் காசு கட்டட்டும்" என்றவருக்கு என் முதல் பதில் இதுதான். ஐயா, அவர்கள் ஏற்கனவே கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ரசீதுதான் கிடைப்பதில்லை.

நாட்டின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். இலங்கையில் நிகழும் மரணங்களில் பத்தில் எட்டுக்கு மேல் தொற்றா நோய்களால்: மாரடைப்பு, பக்கவாதம், நீரிழிவு, புற்றுநோய். 2015இல் நாடு முழுவதும் எடுத்த கணக்கெடுப்பில் பெரியவர்களில் பத்தில் மூவர் அளவுக்கு நிறை கூடியவர்கள். ஆண்களில் நால்வரில் ஒருவர், பெண்களில் மூவரில் ஒருவர். பெண்கள்தான் கூடுதல் என்பதை மறக்காதீர்கள், பிறகு அதற்கு வருகிறேன். நாம் விழுங்கும் மருந்தில் பெரும்பங்கு வெளிநாட்டிலிருந்து டொலர் கொடுத்து வாங்குவது. 2022 மார்ச்சில் 200 ரூபா அளவில் நின்ற டொலர் இரண்டே மாதத்தில் 360ஐத் தொட்டது. அந்த வருடம் சீனிக்கும் பிறஷருக்கும் குளிசை தேடிக் கடை கடையாக அலைந்தவர்களுக்கு, இது எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்று தெரியும்.

நோய் முற்றிவிட்டால் செலவு ஏறும் வேகம் வேறு. சீனிக்குக் கொடுக்கும் மெட்போமின் குளிசை மலிவு. சிறுநீரகம் பழுதாகி இரத்தம் சுத்திகரிக்கும் நிலைக்குப் போனால் கிழமைக்கு இரண்டு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் நான்கு மணித்தியாலம் அளவில், வாழ்நாள் முழுக்க. அந்த மெசினில் ஒருவர் படுத்திருக்கும்போது அரசாங்கத்துக்கு ஒரு செலவு, அவரோடு வந்து வெளியில் வாங்கில் இருக்கும் மனைவிக்கு இன்னொரு செலவு.

சரி, நிறை கூடியவரிடம் கூடுதலாக வாங்கினால் என்ன? அமெரிக்காவில் செய்து பார்க்கிறார்கள். அங்கே காப்புறுதி வேலைத்தளத்தோடு சேர்ந்தது. நிறை, இரத்த அழுத்தம் போன்ற இலக்கை எட்டாத தொழிலாளியின் செலவைக் காப்புறுதிக் கட்டணத்தில் முப்பது வீதம் வரை கூட்டவோ, எட்டியவருக்கு அந்தளவு குறைக்கவோ சட்டம் இடம் கொடுக்கிறது. அதற்கு அவர்கள் காட்டும் கணக்கும் இருக்கிறது. 2006ஆம் ஆண்டுச் செலவை வைத்து அங்கே செய்த மதிப்பீட்டில், உடற்பருமன் உள்ள ஒருவருக்கு வருடத்துக்கு 1,429 டொலர், அதாவது 42 வீதம், கூடுதலாகச் செலவாகிறது என்று கண்டார்கள். இதைப் படித்தவுடன் அந்த ஊர்க்கூட்டத்துக்காரர் சொன்னது சரி போலத் தோன்றும்.

ஆனால் 2008இல் நெதர்லாந்தில் இன்னொரு கணக்குப் போட்டார்கள். வருடக் கணக்கு அல்ல, வாழ்நாள் கணக்கு. இருபது வயதிலிருந்து சாகும் வரை ஒருவருக்கு எவ்வளவு வைத்தியச் செலவு என்று பார்த்தார்கள். ஆரோக்கியமாக வாழ்பவருக்கு 281,000 யூரோ. உடற்பருமன் உள்ளவருக்கு 250,000. புகைப்பவருக்கு 220,000. ஆரோக்கியமானவருக்குத்தான் அதிகம்! காரணம் எளியது. ஆரோக்கியமானவர் 84 வயது வரை இருக்கிறார், பருமன் உள்ளவர் 80, புகைப்பவர் 77. கூட வாழும் வருடங்களுக்கு மருந்தும் பராமரிப்பும் வேண்டித்தானே.

இந்த இரண்டாவது கணக்கைப் பார்த்துவிட்டு நான் கொப்பியை மூடி வைத்துவிட்டேன். முப்பத்தொரு வருடத்தில் ஐந்தொகையின் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டதில்லை நான். ஒருவர் நான்கு வருடம் முந்திச் செத்தால் அரசாங்கத்துக்கு இலாபம் என்று காட்டும் கணக்கில், அந்த நான்கு வருடம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது? வைத்தியச் செலவை மட்டும் எண்ணினால் அது வரவே வராது. என் கணவருக்கு இப்போது 57. பேரப்பிள்ளை பள்ளிக்கூடம் போவதைப் பார்க்க அவருக்கு ஆசை. அதற்கு எனக்கு ஒரு விலை எழுதத் தெரியாது. ஆகவே நடைபாதை போடுங்கள், அரசாங்கத்துக்குக் காசு மிஞ்சும் என்று உங்களிடம் பொய்க்கணக்குக் காட்ட மாட்டேன். குடும்பங்கள் அடகுக்கடைக்குப் போகும் நாள் தள்ளிப்போகும். வேலை செய்யும் வயதில் மனிதர்கள் காலோடும் கண்ணோடும் வேலை செய்வார்கள். எனக்கு அது போதும். பணம்தான் வேண்டும் என்பவர்களுக்கும் ஒன்று உண்டு. வேலையையும் உயிரையும் சேர்த்து எண்ணி உலக சுகாதார நிறுவனம் 2018இல் போட்ட கணக்கில், நம்மைப் போன்ற நாடுகளில் தொற்றா நோயைத் தடுக்கும் சிறந்த வழிகளில் போடும் ஒரு டொலர், 2030க்குள் ஏழு டொலராகத் திரும்புகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நிறை என்றவுடன் உடம்பு முழுக்கப் பருத்த ஒருவரைத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். எங்கள் உடம்பு அப்படி அல்ல. தெற்காசியர்களுக்கு வயிற்றைச் சுற்றிக் கொழுப்புச் சேரும் தன்மை கூடுதல், அந்தக் கொழுப்புத்தான் இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுப்பது. அதனால் உயரத்துக்கு நிறை சரியா என்று காட்டும் உடற்திணிவுச் சுட்டியில் 25 என்ற பொதுவான எல்லை நமக்குப் பொருந்தாது, 23ஐத் தாண்டினாலே கவனம் வேண்டும். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்ணுக்கு 80. தையற்கார அக்காவின் அளவுநாடாவை வாங்கி ஒருதரம் சுற்றிப் பாருங்கள். பார்த்தால் மெல்லியவராகத் தெரிபவருக்கும் சீனி வரும். அப்படி வந்த எத்தனையோ பேரைக் கிளினிக் வாங்கில் பார்த்திருக்கிறேன். நிறையைப் பார்த்துக் கட்டணம் வாங்கத் தொடங்கினால், ஒரு பகுதி மனிதர் வெட்கத்தில் கிளினிக்குக்கே வரமாட்டார்கள். அவர்கள் கடைசியில் கறுத்த விரலோடு வருவார்கள்.

இனி உங்கள் பங்குக்கு வருகிறேன்.

சென்னையில் ஒரு ஆய்வு நடந்தது, முடிவு 2006இல் வெளியானது. சீனி வருத்தம் வரும் விளிம்பில் நின்ற 531 பேர். ஒரு பகுதியினருக்குத் தினமும் அரை மணித்தியாலம் நடக்கவும் சாப்பாட்டைச் சீர்செய்யவும் வழிகாட்டினார்கள். இன்னொரு பகுதியினருக்கு மெட்போமின் குளிசை. மூன்று வருடம் பார்த்தார்கள். நடையும் சாப்பாடும் நோய் வருவதை 28.5 வீதம் குறைத்தன. குளிசை 26.4 வீதம். நடந்தவர்களின் நிறை பெரிதாகக் குறையவும் இல்லை, ஆனாலும் பயன் கிடைத்தது. என்னை மிகவும் தொட்டது அதுதான். நிறை இறங்கவில்லையே என்று மனம் விட்டுப்போய் நடையை நிறுத்துகிறவர்கள் எத்தனை பேர்! அமெரிக்காவில் 2002இல் வெளிவந்த இதே மாதிரி ஆய்வில் நடையும் நிறைக்குறைப்பும் நோய் வருவதை 58 வீதம் குறைத்தன, குளிசை 31 வீதம்.

குளிசையைத் தருவது சுகாதார அமைச்சு. நடையை யார் தருவது? வீதி விளக்கு உங்கள் கையில். ஒழுங்கை உங்கள் கையில். கானுக்கு மூடி, நாய்க்குக் கருத்தடை, மைதானத்தின் திறப்பு, கடற்கரையின் குப்பை, சாப்பாட்டுக்கடையின் அனுமதிப்பத்திரம் எல்லாம் உங்கள் கையில். எங்கள் கிளினிக் கொப்பியில் டொக்டர் எழுதும் முதல் மருந்தை வழங்கும் இடம் உங்கள் சபைதான்.

நகரத்துக்குள் இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். டச் பே கடற்கரை இருக்கிறது, உட்துறைமுக வீதி இருக்கிறது. கோட்டை வாசலால் நுழைந்து, மான்களைத் தாண்டி, கோணேஸ்வரம் வரை ஏறி இறங்குகிறவர்களைக் காலையில் பார்க்கலாம். வெளியே கிராமங்களில் இருக்கும் எங்களுக்கு இருப்பது பிரதான வீதியின் ஓரம். பக்கத்தில் லொறியும் டிப்பரும். அத்தோடு எங்கள் வெயில் உங்களுக்குத் தெரியாதது அல்ல. கச்சான் காற்று வீசும் மாதங்களில் காலை ஏழு மணிக்கே நிலம் கொதிக்கும், பின்னேரம் ஐந்துக்கும் ஆறாது. மனிதர் நடக்கக்கூடிய நேரம் விடிவதற்கு முன்னும் பொழுதுபட்ட பின்னும்தான். அதாவது இருட்டில். கொழும்பில் விளக்கு இல்லாவிட்டாலும் காலை ஏழுக்கு நடக்கலாம். இங்கே விளக்கு இல்லாவிட்டால் நடையே இல்லை.

பெண்களுக்கு அது இரட்டிப்பு. எங்கள் ஊரில் ஆறு பெண்கள் சேர்ந்து விடிய ஐந்துக்கு நடக்கத் தொடங்கினோம். இரண்டு பேர் முஸ்லிம் சகோதரிகள். ஒருத்தி கையில் ரோச், ஒருத்தி கையில் நாய்க்குத் தடி. மோட்டார் சைக்கிளில் வந்த பையன்கள் இரண்டு நாள் பின்னால் வந்து கத்தினார்கள். மூன்றாம் நாள் மூன்று பேர்தான் வந்தோம். அடுத்த கிழமை நான் மட்டும். பெண்களில் மூவரில் ஒருவர் நிறை கூடியிருக்கிறார்கள் என்று மேலே எழுதினேன் அல்லவா, அதைப் படித்துவிட்டு "வீட்டில் இருந்து தின்கிறார்கள்" என்று யாராவது சொன்னால், அந்த ஐந்து மணி இருட்டை அவருக்குக் காட்ட ஆசைப்படுகிறேன். ஊருக்கு ஒரு மைதானமாவது இருக்கிறது. கிழமையில் சில நாள், காலையில் ஒரு மணித்தியாலம், பெண்களுக்கென்று திறந்து விளக்கைப் போடுங்கள். பந்து விளையாடும் பிள்ளைகள் அந்த நேரம் நித்திரை, யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

தேத்தண்ணிக் கடை. வருடா வருடம் அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க உங்களிடம்தானே வருகிறார்கள். ஒரே ஒரு நிபந்தனை போடுங்கள்: சீனியைக் கோப்பைக்குள் போடாமல் வேறாக வைக்க வேண்டும். வேண்டியவர் போட்டுக்கொள்ளட்டும். கடைக்காரருக்கும் சீனி மிச்சம். முன்பெல்லாம் பிளேன்டீயோடு உள்ளங்கையில் பனங்கட்டியோ சீனியோ வைத்துக் கடித்துக் குடித்தவர்கள் நாங்கள், புதிதாக ஒன்றும் கேட்கவில்லை. லொறிக்காரர், மீன்பிடிக்கும் தம்பிமார், துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர்கள் எல்லோரும் நாளுக்கு ஐந்தாறு தரம் அந்தக் கடை வாங்கில் இருப்பவர்கள். இந்த ஒரு மாற்றம் எத்தனை கோப்பையில் விழும் என்று யோசியுங்கள்.

பள்ளிக்கூட வாசல். பாடசாலைக்குள் இருக்கும் சிற்றுண்டிச்சாலைக்குக் கல்வி அமைச்சின் சுற்றறிக்கை இருக்கிறது. வாசலுக்கு வெளியே பத்தடியில் உள்ள பெட்டிக்கடைக்கு இல்லை. 2016இலிருந்து மென்பானப் போத்தலில் சீனியின் அளவைக் காட்டும் நிறப்பொட்டுப் போட வேண்டும் என்று சட்டம். நூறு மில்லிலீற்றருக்கு 11 கிராமுக்கு மேல் என்றால் சிவப்பு. அரை லீற்றர் போத்தலில் 55 கிராமுக்கு மேல், கரண்டிக்கு நான்கு கிராம் வைத்தால் பதின்மூன்று கரண்டிக்கு மேல். பிள்ளைக்குப் பொட்டின் பொருள் தெரியாது, குளிர்ச்சிதான் தெரியும். 2017 நவம்பரில் ஒரு கிராம் சீனிக்கு 50 சதம் என்று மென்பானத்துக்கு வரி போட்டார்கள், அடுத்த வருட முடிவுக்குள் குறைத்துவிட்டார்கள். கொழும்பில் நடப்பது உங்கள் கையில் இல்லை. பள்ளிக்கூட வாசலில் ஒரு நல்ல தண்ணீர்க் குழாய் போடுவது உங்கள் கையில் இருக்கிறது. கடலை, கௌப்பி, பழம் விற்கும் அம்மாமாருக்கு அங்கே இடம் கொடுத்து வரியைக் குறைக்கலாம். சந்தையில் வல்லாரை, பொன்னாங்காணி, முருங்கையிலைக் கட்டு விற்பவர்களுக்கும் அப்படியே. உங்கள் கூட்டங்களிலும் ரோல்சுக்கும் கேக்குக்கும் பதிலாக அவித்த பயறு வையுங்கள், ஊர் உங்களைப் பார்த்துத்தான் வைக்கும்.

கடைசியாகப் பரிசோதனை. 35 வயதைத் தாண்டியவர்களுக்கு நிறை, இடுப்பு, பிறஷர், சீனி எல்லாம் இலவசமாகப் பார்க்க ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்கள் 2011 முதல் நாட்டில் இருக்கின்றன. மிக நல்ல திட்டம். ஆனால் அன்றாடம் உழைப்பவர் வேலைநாள் காலையில் வெறும் வயிற்றோடு போய் நின்றால் அன்றைய கூலி போய்விடும். அதனால் போவது எல்லாம் என்னைப் போல ஓய்வு பெற்ற பெண்கள்தான். ஆண்கள் வருவதில்லை. சுகாதார வைத்திய அதிகாரியோடு பேசி, மாதத்தில் ஒரு ஞாயிறு விடிய, சபை மண்டபத்திலோ ஓட்டோ தரிப்பிடத்திலோ மீன் இறங்கும் கரையிலோ வையுங்கள். மண்டபமும் கதிரையும் உங்களுடையது, அறிவித்தல் சொல்லும் ஒலிபெருக்கியும் உங்களுடையது. பதின்மூன்று வருடத்துக்கு முன் என் கணவருக்கு அப்படிப் பிடிபடவில்லை. லொறி அனுமதிப்பத்திரத்துக்கு மெடிக்கல் எடுக்கப் போன இடத்தில் தற்செயலாகத்தான் தெரியவந்தது. அதற்கு முன் எத்தனை வருடம் சீனி கூடி நின்றதோ தெரியாது.

இவ்வளவும் ஒரே நாளில் ஆகாது, எனக்குத் தெரியும். சபையில் காசு எவ்வளவு இருக்கிறது என்பது கணக்கு எழுதியவளுக்குப் புரியும். அதனால் விளக்கில் தொடங்குங்கள் என்று கேட்கிறேன். ஊர்ப் பெயரை நான் எழுதவில்லை. மாவட்டத்தில் எந்த ஊருக்குப் போனாலும் இப்படி ஒரு ஒழுங்கை இருக்கும்.

இரண்டு விரல் போன பிறகு அவர் லொறி ஓட்டுவதில்லை. ஆனால் இப்போது நடக்கிறார். டொக்டர் பதின்மூன்று வருடத்துக்கு முன் சொன்ன அதே அரை மணித்தியாலம், அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு, போடுவதற்கு முன் ஒவ்வொரு நாளும் கவிழ்த்துத் தட்டிப் பார்த்துவிட்டு. எங்கள் படலையிலிருந்து பிரதான வீதி வரை பதினொரு மின்கம்பங்கள். விளக்கு எரிவது முதல் மூன்றில் மட்டும். மூன்றாவது கம்பத்தடியில் நின்று, இருட்டைக் கொஞ்சம் பார்த்துவிட்டுத் திரும்புகிறார். பிறகு படலை வரை வந்து மறுபடி மூன்றாவது கம்பம். அரை மணித்தியாலம் நிறைய அவர் இருபத்தியிரண்டு தரம் போய் வர வேண்டும். நான் திண்ணையில் இருந்து எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாக்காளர்களில் ஒருத்தி,
திருகோணமலை